இறைவன் கொடுத்த ஊன்றுகோல்

(மாற்றுத்திறனாளிகள் தொடர்பில் வீட்டிலும் நாட்டிலும் ஆலயத்திலும் நாம் கைக்கொள்ள வேண்டிய அறம்)

எமது கிராமத்திலே கொடியேற்றம் தொடங்கித் தீர்த்தம் வரை பத்து நாட்களும் அம்பாளின் வீதிக்கு வராத குடும்பம் இல்லை என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். குடும்பங்கள் வருவது உண்மை. ஆனால் ஒவ்வொரு குடும்பத்திலும் உள்ள எல்லோரும் வருகிறார்களா என்று எண்ணிப் பார்த்தால் விடை வேறாக இருக்கும். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இயங்காத பெரியவர், செல் வீச்சில் காலை இழந்தவர், மனவளர்ச்சி குன்றிய பிள்ளை, பார்வை மங்கிய ஆச்சி என்று எத்தனையோ பேர் தேர்த் திருவிழா அன்றும் வீட்டுத் திண்ணையில் இருந்து நாதஸ்வர ஒலியை மட்டும் கேட்டுக் கும்பிட்டுக் கொள்கின்றனர். அவர்களுக்குப் பக்தி குறைவா? இல்லை. அவர்கள் வருவதற்கு வழி இல்லை. சில வீடுகளில் அவர்களை அழைத்துவர மனமும் இல்லை.

இவர்களின் தொகையும் சிறிதல்ல. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி எமது நாட்டில் ஐந்து வயதும் அதற்கு மேற்பட்டவர்களுமான மக்களில் 8.7 சதவீதத்தினருக்கு, அதாவது பதினாறு இலட்சத்துக்கும் அதிகமானோருக்கு, பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவில் வைத்திருத்தல், தம்மைத் தாமே பராமரித்தல், பேசுதல் ஆகியவற்றில் ஏதோ ஒரு இடர்ப்பாடு இருந்தது. நாட்டுச் சராசரியைக் கொண்டு கணக்கிட்டால் ஆயிரம் பேர் வாழும் ஒரு கிராமத்தில் ஏறத்தாழ எண்பது பேர். உலக சனத்தொகையில் ஏறத்தாழ 16 சதவீதம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 இல் கணித்தது. ஆகவே இது யாரோ ஒரு சிலரின் துன்பம் அன்று. முதுமை வரை வாழும் வரம் பெற்ற எவரும் ஒருநாள் இந்தக் கணக்கில் சேரக்கூடியவரே.

வினை என்று ஒதுக்கலாமா?

இவ்விடயத்தைப் பேசத் தொடங்கியதும் எம்மவர் சிலர், "அது அவையவை செய்த வினை, நாங்கள் என்ன செய்யிறது?" என்று கேட்பதுண்டு. சைவ சமயம் வினைக் கொள்கையை ஏற்றுக்கொண்ட சமயம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்கொள்கை எதற்காக எமக்குத் தரப்பட்டது என்பதை நாம் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும்.

எனக்கு ஒரு துன்பம் வரும்போது பிறரை நோகாமல், மனம் உடையாமல் அதைத் தாங்கிக்கொள்வதற்கு உதவுவது வினைக் கொள்கை. மற்றவருக்குத் துன்பம் வரும்போது அவரது முற்பிறப்புக் கணக்கை வாசிக்கும் அதிகாரத்தை அது எனக்குத் தரவில்லை. ஒருவருடைய வினையை அறிபவன் இறைவன் ஒருவனே. அறியாத கணக்கைக் காட்டி ஒருவரைக் குற்றவாளியாக்குவது நீதியாகாது. அத்துடன், அவர் துன்பப்படுவது அவர் வினை என்றால், அதைக் கண்டும் காணாமல் போவது எனது வினையாகச் சேரும் என்பதையும் அதே கொள்கை சொல்கிறது. இந்தப் பாதியை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

உடம்பு, கருவி, உலகம், அனுபவம் ஆகிய நான்கையும் உயிருக்கு இறைவன் கொடுத்தது மலநீக்கத்துக்காக என்பது சைவ சித்தாந்தம். கருவிகள் ஆளுக்கு ஆள் வேறுபடலாம். கருவியைப் பெற்ற உயிருக்கு ஊனம் இல்லை. கண்ணில்லாதவருக்கு அருள் குறைவாகவும் கண் உள்ளவருக்கு அருள் கூடுதலாகவும் கிடைக்கும் என்று எந்தச் சாத்திரமும் கூறவில்லை.

ஔவையார் பெயரால் வழங்கும் பாடல் ஒன்றையும் சிலர் எடுத்துக்காட்டுவர். மானிடராய்ப் பிறத்தலின் அருமையைச் சொல்லி, அதன்பின் உடற்குறை இன்றிப் பிறத்தலின் அருமையைச் சொல்லும் பாடல் அது. ஆனால் அப்பாடல் அந்த இடத்தில் முடிந்துவிடவில்லை. அதற்கும் மேலே அரியவை கல்வியும் ஞானமும் என்றும், அவற்றிலும் அரியவை தானமும் தவமும் என்றும் படிப்படியாக ஏறிச் செல்கிறது. முழு உடம்போடு பிறந்தவரைப் பார்த்து, "நீ பெற்றதைக் கொண்டு என்ன செய்தாய்?" என்று கேட்கும் பாடலை, உடற்குறை உள்ளவரை இழிவுபடுத்தும் பாடலாக நாம் பயன்படுத்தலாகாது. திருவள்ளுவரும் ஆள்வினையுடைமை அதிகாரத்திலே, பொறியின்மை எவருக்கும் பழி அன்று என்றும் முயற்சி இல்லாமையே பழி என்றும் தெளிவுபடுத்தியுள்ளார். பொறி என்பதற்கு விதி என்று பொருள் கொண்டாலும் உறுப்பு என்று பொருள் கொண்டாலும், பழி அதில் இல்லை என்பதே முடிவு.

கயிறும் கோலும் தோளும்

எமது சமய, இலக்கிய மரபில் இருந்து மூன்று செய்திகளை இங்கு நினைவூட்ட விரும்புகின்றேன்.

முதலாவது, அறுபத்து மூவரில் ஒருவராகிய தண்டியடிகள் நாயனார். திருவாரூரிலே பிறவியிலேயே பார்வையின்றிப் பிறந்தவர். தூர்ந்து குறுகிப்போன கமலாலயத் திருக்குளத்தைத் தாமே தோண்டி அகலமாக்க முனைந்தார். குளத்துக்குள் ஒரு கம்பும் கரையில் ஒரு கம்பும் நட்டு, இரண்டுக்கும் இடையில் கயிறு கட்டி, அந்தக் கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி மண் எடுத்து, தடவிக்கொண்டே ஏறிக் கரையில் கொட்டினார். இதைக் கண்டு எள்ளி நகைத்தவர்களும் இருந்தனர். பின்னர் இறைவன் அருளால் அவருக்குப் பார்வை கிடைத்தது என்பது புராணம். நாம் எப்போதும் அந்த அற்புதத்தையே பேசுகிறோம். அதற்கு முன்பே திருப்பணி நடந்துகொண்டிருந்தது என்பதைக் கவனிப்பதில்லை. பார்வை கிடைத்த பிறகு அவர் தொண்டைத் தொடங்கவில்லை. ஒரு கயிறு இருந்தது, அது போதுமாயிற்று. இன்று நாம் சாய்வுப் பாதை என்றும் கைபிடி என்றும் சொல்பவை எல்லாம் அந்தக் கயிற்றின் வழி வந்தவையே.

இரண்டாவது, சுந்தரமூர்த்தி நாயனார். சங்கிலியாருக்குக் கொடுத்த சத்தியத்தை மீறித் திருவொற்றியூரை நீங்கியபோது இரு கண்களும் மறைந்தன. திருவெண்பாக்கத்திலே இறைவன் அவருக்கு உடனே கண்ணைக் கொடுக்கவில்லை, ஊன்றுகோல் ஒன்றையே கொடுத்தான். அந்தக் கோலை ஊன்றியே அவர் காஞ்சிக்குச் சென்றார். அங்கே இடக்கண்ணும், திருவாரூரிலே வலக்கண்ணும் பெற்றார். கண் கிடைக்கும் வரை பொறுத்திரு என்று இறைவன் அவரை வீட்டில் இருத்தவில்லை. நடப்பதற்கு வேண்டியதை முதலில் கொடுத்தான். ஊன்றுகோல் இறைவன் கையில் இருந்து வந்த பொருள் என்றால், அதை ஊன்றி வருபவரை வாசலில் மறிக்க நாம் யார்?

மூன்றாவது, இரட்டைப்புலவர்கள். முதுசூரியர், இளஞ்சூரியர் என்ற அவ்விருவரில் ஒருவருக்குக் கண் இல்லை, மற்றவருக்குக் கால் இல்லை. பார்வை இல்லாதவர் தோளில் மற்றவர் அமர்ந்து வழி சொல்ல, ஊர் ஊராகச் சென்று பாடினார்கள். ஒருவர் பாதி வெண்பாவைப் பாட மற்றவர் முடித்து வைப்பார் என்பது செவிவழி மரபு. தில்லைக் கலம்பகமும் ஏகாம்பரநாதர் உலாவும் அவர்கள் தமிழுக்குத் தந்தவை. இவர்களில் யார் உதவி செய்தவர், யார் உதவி பெற்றவர்? இருவரும் இரண்டுமே. உண்மையில் எமது எல்லோருடைய வாழ்வும் இப்படித்தான் இருக்கிறது. தோள் தருபவரையும் வழி சொல்பவரையும் நாம் கவனிக்காமல் இருப்பதால், யாரையும் சாராமல் தனியே நிற்பதாக எண்ணிக்கொள்கிறோம்.

வீட்டுக்குள்ளே

அறம் முதலில் வீட்டிலே தொடங்க வேண்டும். சில வீடுகளில் விருந்தினர் வந்தால் மாற்றுத்திறனுள்ள பிள்ளை பின்னறைக்கு அனுப்பப்படுகிறது. கேட்டால், மூத்தவளுக்குக் கலியாணம் பேசுகிறோம், பேச்சுக்கால் குழம்பிவிடும் என்கிறார்கள். பெற்றோரின் பயத்தை நாம் குறைசொல்ல முடியாது. அந்தப் பயத்தை உண்டாக்குபவர்கள் பெண் பார்க்க வருகின்ற நாம் எல்லோரும்தான். போரிலும் விபத்திலும் நேர்ந்த இழப்போ, பிரசவ வேளையில் நேர்ந்த மூச்சுத் திணறலோ, இளம்பிள்ளைவாதமோ பரம்பரையாக வருபவை அல்ல. பரம்பரைத் தொடர்பு உள்ள குறைபாடுகள் சில உண்டு. அதைப் பற்றிக் கேட்க வேண்டிய இடம் வைத்திய நிபுணரின் அறை, ஊர் வாய் அன்று.

மறைத்து வளர்ப்பதால் பிள்ளை இழப்பவை பல. சிறு வயதில் கொடுக்க வேண்டிய பயிற்சி கிடைப்பதில்லை. பாடசாலை கிடைப்பதில்லை. கேள்வி, பார்வைக் குறைபாடு உடைய பிள்ளைகளுக்கென 1912 இல் தெற்கே ஒரு பாடசாலை ஆரம்பிக்கப்பட்டு இரத்மலானையில் இயங்கி வருகிறது. எமது பக்கத்தில் கைதடி நவீல்ட் பாடசாலை 1956 இல் தோன்றியது. சுன்னாகத்தில் விழிப்புலன் இழந்தோருக்கான வாழ்வகமும், கோண்டாவிலில் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான சிவபூமிப் பாடசாலையும் அரும்பணி ஆற்றுகின்றன. இவற்றின் வாசல் வரை பிள்ளை போகவேண்டுமானால் முதலில் அந்தப் பிள்ளை வீட்டு முற்றத்துக்கு வரவேண்டும்.

கையில் உள்ள உரிமைகளும் மறைப்பதால் தவறிப் போகின்றன. அரச ஊழியராக இருந்த பெற்றோருக்குப் பின் மாற்றுத்திறனாளியான பிள்ளைக்கு, வயது கடந்தாலும் அநாதைகள் ஓய்வூதியம் கிடைக்க வழி உண்டு. அதற்குரிய வைத்தியச் சான்றிதழ்களையும் பிறப்புப் பதிவையும் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே ஒழுங்கு செய்து கோவையில் வைத்திருக்க வேண்டும். பிள்ளையின் பெயரே எந்தப் பத்திரத்திலும் இல்லாவிட்டால் பிற்காலத்தில் அலைச்சலே மிஞ்சும்.

காணி விடயத்திலும் கவனம் தேவை. "அண்ணன் பார்ப்பான்தானே" என்று முழுக் காணியையும் ஒருவர் பெயருக்கு எழுதிவிட்டுப் பெற்றோர் காலமாகிவிடுகின்றனர். அண்ணன் நல்லவராக இருந்தாலும் அவருக்கும் ஒரு காலம் முடியும். ஆகவே உறுதி எழுதும்போது அந்தப் பிள்ளைக்குச் சீவிய உரித்து வைத்து எழுதுவது பற்றி நொத்தாரிசிடம் கேட்டுச் செய்வது நல்லது. வங்கிப் புத்தகம், மாதாந்த உதவிப்பணம் ஆகியவையும் உரியவரின் தேவைக்கே செலவாக வேண்டும். அந்தப் பணத்தில் வீட்டுக்கு மின்விசிறி வாங்கினால் காற்று அவரது கட்டிலுக்கும் வரவேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்டுச் செய்தல் என்ற பழக்கம் எம்மிடம் வளர வேண்டும். பார்வையற்றவர் ஒருவரை வீதி கடத்துவதாக நினைத்து, அவரது கையைப் பிடித்து இழுத்துச் செல்பவர்கள் உண்டு. அவர் எங்கே போக நின்றார் என்று கேட்பதில்லை. "தம்பி, கை தரட்டோ?" என்று கேட்டு, எமது முழங்கையை அவர் பிடித்துக்கொள்ள விட்டால் போதும். சக்கர நாற்காலியில் வருபவர் அர்ச்சனை செய்யக் கேட்டால், நாற்காலியைத் தள்ளி வந்தவரைப் பார்த்து, "இவருக்கு என்ன நட்சத்திரம்?" என்று கேட்கிறோம். கால் இயங்காதவருக்குத் தமது நட்சத்திரம் தெரியாமல் போகுமா? நாற்பது வயது மனிதரைக் குழந்தை போல் கன்னத்தில் தட்டுவதும், ஊரில் பெயர் இருக்கக் குறையைச் சொல்லிக் கூப்பிடுவதும் தவிர்க்கப்பட வேண்டியவை. பட்டப்பெயர் வைத்துப் பழகிய ஊர் இது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அப்படிக் கூப்பிடும்போது அவர் சிரிப்பது, அது அவருக்குப் பிடித்திருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது.

மகாபாரதத்திலே காந்தாரி தன் கணவன் காணாத உலகைத் தானும் காண்பதில்லை என்று கண்ணைக் கட்டிக்கொண்டாள். அவளது கற்பை உலகம் போற்றுகிறது. அதே அரண்மனையில் சஞ்சயன் என்றொருவன் இருந்தான். போர்க்களத்தில் நடப்பதைத் தான் கண்டவாறே, கூட்டாமல் குறைக்காமல், அரசனுக்கு எடுத்துச் சொன்னான். கூடவே இருந்து துன்பப்படுவது அன்பு. இல்லாத புலனுக்கு ஈடாக நின்று உண்மையைச் சொல்வதும் அன்பே. எமது வீடுகளில் காந்தாரிகள் பலர் இருக்கின்றனர், சஞ்சயன்கள் குறைவு.

பராமரிப்பவரையும் மறக்கலாகாது. எழுபது வயதுத் தாய் நாற்பது வயது மகனைக் குளிப்பாட்டி ஊட்டுகிறாள். "எனக்குப் பிறகு இவனை ஆர் பார்ப்பினம்?" என்ற ஒரே கேள்வியே அவளது தோத்திரம், அதுவே அவளது நித்திரையின்மை. அந்தத் தாய் தேர் பார்த்து எத்தனை வருடமோ. அயலவர் ஒருவர் இரண்டு மணித்தியாலம் அந்த வீட்டில் இருந்தால் அவள் வந்து அம்பாளைக் கண்டு போவாள். இதுவும் சிவதொண்டே.

சட்டமும் சுற்றறிக்கையும்

நீண்ட காலம் அரச அலுவலகங்களில் எழுதுவினைஞனாகக் கடமையாற்றியவன் என்ற முறையில், சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சுருக்கமாக எடுத்துரைக்கின்றேன். எமது அரசியலமைப்பின் 12(4) ஆம் உறுப்புரை பெண்கள், சிறுவர்கள், வலது குறைந்தோர் ஆகியோரின் முன்னேற்றத்துக்கு விசேட ஏற்பாடுகள் செய்ய இடமளிக்கிறது. 1988 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை, அரச துறை வெற்றிடங்களில் 3 சதவீதத்தைத் தகைமையுள்ள வலது குறைந்தோருக்கு ஒதுக்குமாறு கூறியது. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் அவர்களது உரிமைகளைப் பாதுகாக்கவென்றே இயற்றப்பட்டது. தொழிலுக்குச் சேர்ப்பதிலும் கல்வி நிலையங்களில் அனுமதிப்பதிலும் வலது குறைவைக் காரணம் காட்டிப் பாரபட்சம் செய்யலாகாது என்றும், பொதுக் கட்டடங்களுக்குள் செல்வதைத் தடுக்கலாகாது என்றும் அச்சட்டம் விதித்தது.

அந்தச் சட்டத்திலே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். உடல் அல்லது உளக் குறைவினால் தனது வாழ்க்கைத் தேவைகளைத் தானே நிறைவேற்ற முடியாதவர் என்று அது வலது குறைந்தவருக்கு வரைவிலக்கணம் கூறியது. அதாவது குறை முழுவதும் அந்த மனிதரிடத்தில் இருப்பதாகக் கொண்டது. பத்து ஆண்டுகளின் பின், 2006 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட சமவாயம் வேறுவிதமாகப் பார்த்தது. ஒருவரது நீண்டகாலக் குறைபாடும் அவரைச் சூழ உள்ள தடைகளும் சேரும்போதே, அவர் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்குபற்ற முடியாது போகிறது என்றது. மூன்று படிகளுக்கு முன்னால் நிற்கும் சக்கர நாற்காலியை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். காலும் ஒரு காரணம், படியும் ஒரு காரணம். காலை மாற்ற வைத்தியராலும் சில வேளை முடியாது. படியை ஒரு மேசனால் மாற்ற முடியும். இச்சமவாயத்தில் இலங்கை 2007 மார்ச்சில் ஒப்பமிட்டு, 2016 பெப்ரவரியில் அதனை ஏற்று உறுதிப்படுத்தியது.

2006 ஆம் ஆண்டிலேயே பொதுக் கட்டடங்களுக்கான அணுகுவசதி ஒழுங்குவிதிகளும் வர்த்தமானியில் வெளிவந்தன. விதி வந்தது, படிகள் அப்படியே இருந்தன. அப்போது நீதிமன்றம் சென்றவர் கலாநிதி அஜித் பெரேரா. கிரிக்கெட் நடுவராக விளங்கிய அவர், 1992 இல் ஓடிக்கொண்டிருந்த அவரது காரின் மேல் மரம் விழுந்ததனால் நடக்க முடியாதவரானார். அவர் தொடுத்த அடிப்படை உரிமை வழக்கிலே, புதிதாகக் கட்டப்படும் பொதுக் கட்டடங்கள் எல்லோரும் செல்லக்கூடியனவாக அமைய வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2011 ஏப்ரல் 27 இல் கட்டளையிட்டது. அதே 2011 இல் நிறைவேறிய தேர்தல்கள் (விசேட ஏற்பாடுகள்) சட்டம், தாமாக வாக்களிக்க முடியாதவர்கள் தாம் நம்பும் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்ல வழி செய்தது. இவை சலுகைகள் அல்ல. வாக்கு எல்லோருக்கும் உரியது போலவே வாசலும் எல்லோருக்கும் உரியது.

சட்டம் இருந்தும் நடைமுறை பின்தங்குவதற்கு நான் கண்ட ஓர் உதாரணம் சொல்லலாம். அலுவலகம் ஒன்றிலே வலது குறைந்தோர் உதவிப்பணத்துக்கான படிவம் மேல்மாடியில்தான் வழங்கப்பட்டது. நடக்க முடியாதவர்கள் கீழே வேப்பமர நிழலில் காத்திருக்க, கூட வந்தவர்கள் மேலே ஏறி இறங்கினர். ஒருநாள் அங்கிருந்த சிற்றூழியர் ஒருவர் ஒரு மேசையையும் கதிரையையும் கீழ்த்தளத்து விறாந்தையில் கொண்டுவந்து போட்டார். மறுநாள் தொடக்கம் படிவம் கீழே கொடுக்கப்பட்டது. புதிய சட்டமும் வரவில்லை, ஒரு சதமும் செலவாகவில்லை. பொதுக் கொள்கை என்பது பெரும்பாலும் மேசையை எங்கே வைப்பது என்ற கேள்விதான்.

எமது ஆலயத்தில்

ஆலயமும் பொது இடமே. இங்கே அடிக்கடி எழும் கேள்வி, செயற்கைக் கால் அணிந்தவர் அதைக் கழற்றிவிட்டு வரவேண்டுமா என்பதாகும். இதற்கு விடை காண ஜெய்ப்பூர்க் காலின் வரலாற்றை அறிந்திருப்பது நல்லது. 1968 அளவில் இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற எலும்பியல் சத்திரசிகிச்சை நிபுணரும் சேர்ந்து இறப்பரைக் கொண்டு அதை உருவாக்கினர். அதற்கு முன் மேல்நாட்டு முறையில் செய்யப்பட்ட பாதத்துக்குச் சப்பாத்து அவசியமாக இருந்தது. எமது மக்களோ வெறுங்காலுடன் நடப்பவர்கள், குந்துபவர்கள், சம்மணமிட்டு இருப்பவர்கள், வயற்சேற்றில் இறங்குபவர்கள். அவர்களுக்காகவே, வெறும் பாதமாக மண்ணில் பதியக்கூடியதாக அது அமைக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் 1987 தொடக்கம் ஜெய்ப்பூர் வலுவிழந்தோர் புனர்வாழ்வு நிலையம் இத்தகைய கால்களை வழங்கிப் பலரை எழுந்து நடக்க வைத்திருக்கிறது.

ஆகவே அது பாதரட்சை அன்று, பாதம். செருப்பைக் கழற்றச் சொல்லலாம், காலைக் கழற்றச் சொல்ல முடியாது. ஏனைய அடியார்கள் கால் கழுவும் அதே குழாயடியில் அவரும் அதைக் கழுவிக்கொண்டு உள்ளே வரலாம். சப்பாத்துடன்தான் நிற்கக்கூடிய வேறு வகைக் கால் அணிந்தவருக்கு ஆலயத்துக்கென்றே ஒரு சோடியைச் சுத்தமாக வைத்திருக்கலாம். ஊன்றுகோலின் நுனியையும் வெள்ளைப் பிரம்பையும் ஈரத் துணியால் துடைக்கலாம். சக்கர நாற்காலி வீதியில் உருண்டு வருவதால் உள்ளே அனுமதிக்கலாகாது என்பார் உளர். வீதியில் உருளும் சில்லு வேறு, ஆலயத்துக்குள் மட்டும் பாவிக்கும் சில்லு வேறு என்று வைத்துக்கொண்டால் இந்தத் தடையும் நீங்கும். வாசலில் ஆலயத்துக்குச் சொந்தமான இரண்டு நாற்காலிகள் இருந்தால் போதும். கர்ப்பக்கிருகம், அர்த்த மண்டபம் முதலியவற்றின் ஆகம வரம்புகளைப் பற்றி இங்கு பேச்சில்லை. மற்ற அடியார்கள் எந்த இடம் வரை செல்கிறார்களோ அந்த இடம் வரை இவர்களும் செல்ல வேண்டும் என்பதே கேட்பது. நுணுக்கமான விடயங்களைக் குருக்கள் ஐயாவிடம் கேட்டு நடப்போம்.

அடுத்து சாய்வுப் பாதை. இதில் பல இடங்களில் தவறு நேர்கிறது. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதே ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. ஆறு அங்குலப் படிகள் மூன்று என்றால் ஒன்றரை அடி உயரம், அதற்குப் பதினெட்டு அடி நீளம் வேண்டும். இடம் போதாது என்று ஆறடியில் சரித்து விட்டால் அது கண்காட்சிக்கு மட்டுமே உதவும், ஏறினால் நாற்காலி பின்பக்கம் புரளும். இரு பக்கமும் கைபிடியும், வழுக்காத தரையும், மேலே நாற்காலி நின்று திரும்பச் சமதளமும் வேண்டும். தெற்கு வாசலில் இதற்குப் போதிய இடம் உண்டு. வெளிவீதி மணலில் சில்லுப் புதைகிறது. ஆனால் பிரதட்டை செய்யும் அடியார்களுக்கு மணல் வேண்டும். எனவே மதிலோரமாக நாலடி அகலத்தில் ஒரு கொங்கிறீற் பாதை மட்டும் போட்டால் இரு சாராருக்கும் குறையில்லை.

"வருவது இரண்டு மூன்று பேர், அதற்கு இவ்வளவு செலவா?" என்று கேட்கப்படலாம். வழி இல்லாத இடத்துக்கு இரண்டு மூன்று பேர்தான் வருவார்கள். தண்டியடிகள் ஒருவர், அவருக்குக் கயிறு தேவைப்பட்டது. அத்துடன் முழங்கால் நோவுள்ள ஆச்சிமாரும், கைக்குழந்தையுடன் வரும் தாய்மாரும், அன்னதானத்துக்கு அரிசி மூடை ஏற்றுபவர்களும் அதே பாதையைத்தான் பாவிக்கப் போகிறார்கள்.

புலம்பெயர்ந்து வாழும் எமது உறவுகள் தாராளமாக உதவி செய்கிறார்கள். அதற்கு ஊர் நன்றியுடையது. அந்த உதவியை வழங்கும் முறையில் மட்டும் ஒரு வேண்டுகோள். சக்கர நாற்காலி பெறுபவரை மேடையில் ஏற்றி, பதாகை பிடித்து, புகைப்படம் எடுத்துப் பத்திரிகையில் போடுவதை நிறுத்துவோம். ஒருவர் பெற்ற உதவியை விட அந்தப் படம் நெடுங்காலம் வாழ்ந்து அவரது பிள்ளைகளின் கண்ணிலும் படும். கணக்கை ஆண்டறிக்கையில் எழுதினால் போதும். நாற்காலி வழங்க முன்னர் அவரது உடம்புக்கு எந்த அளவு பொருந்தும் என்று கேட்பதும் அவசியம். பொருந்தாத நாற்காலியில் நெடுநேரம் இருந்தால் படுக்கைப் புண் உண்டாகும்.

இவற்றைத் தொகுத்து, அடியார்களின் சிந்தனைக்குச் சில முன்மொழிவுகளை வைக்கின்றேன்:

1. தெற்கு வாசலில் கைபிடியுடன் கூடிய முறையான சாய்வுப் பாதையும், மதிலோரப் பாதையும் அமைத்தல்.

2. ஆலயப் பாவனைக்கென இரண்டு சக்கர நாற்காலிகள் வைத்திருத்தல்.

3. அன்னதான மடத்தில் நிலத்தில் இருக்க முடியாதவர்களுக்கு மேசை, வாங்கு இடுதல். அது ஒதுக்குப்புறமாக அல்லாமல் அதே பந்தியின் தொடர்ச்சியாக இருத்தல்.

4. பூசை நேரங்கள், திருவிழா உபயங்கள் ஆகியவற்றை ஒலிபெருக்கியில் சொல்வதோடு, கேட்கும் ஆற்றல் இல்லாதவர்களுக்காகப் பெரிய எழுத்தில் பலகையிலும் எழுதுதல்.

5. தேர், தீர்த்த நாட்களில் பராமரிப்பாளர்களுக்கு ஓய்வு கொடுக்கத் தொண்டர் சபையினர் முறைவைத்து வீடுகளுக்குச் செல்லல்.

6. ஆலய அறநெறிப் பாடசாலையில் மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளையும் சேர்த்தல். பண்ணிசை கற்பதற்குக் கண்ணோ காலோ தடை அன்று.

7. இவற்றைத் திட்டமிடும் கூட்டத்துக்கு மாற்றுத்திறனாளிகளையே அழைத்து அவர்கள் சொல்வதை முதலில் கேட்டல்.

ஏழாவதைக் கடைசியில் எழுதியிருப்பினும் செய்ய வேண்டிய வரிசையில் அதுவே முதலாவது. கயிற்றை எங்கே கட்டுவது என்று தண்டியடிகளுக்கே தெரிந்திருந்தது. சாய்வுப் பாதை எங்கே வேண்டும் என்பதும் நாற்காலியில் இருப்பவருக்கே நன்கு தெரியும்.

அடுத்த மகோற்சவத்தின்போது இக்கிராமத்தின் எந்தத் திண்ணையிலும், வழியில்லை என்ற காரணத்துக்காக ஓர் அடியார் தனித்து இருக்கும் நிலை இல்லாதிருக்க வேண்டும். அதற்கு வேண்டிய மனத்தையும் பொருளையும் ஒற்றுமையையும் எம் எல்லோருக்கும் எல்லாம் வல்ல அம்பாள் அருள வேண்டுமெனப் பிரார்த்தித்து அமைகின்றேன்.

சுபம்.